தலைகீழாக இறங்கும் பறவை

கிஸ்பெர்ட் தன் தம்பி வோல்க்மாரின் இடது கன்னத்தில் ஷேவரை ஓட்டிக்கொண்டிருந்தபோது டிவியில் கேள்வி வந்தது. ஜெர்மனியின் மிகப் பெரிய தீவு எது? கிஸ்பெர்ட் வாயைத் திறப்பதற்குள், மூன்று நாளாகக் கண் திறக்காத வோல்க்மாரின் உதடு அசைந்தது.

"ரூகன்."

சரியான பதில். சாகக் கிடக்கிறான், இப்போதும் முந்திக்கொள்கிறான். கிஸ்பெர்ட்டுக்குச் சுருக்கென்றது. இதற்குக்கூடப் பொறாமைப்படுகிற மனுஷன் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"கேள்வியை முழுசாக் கேக்க விடுடா," என்றார்.

வோல்க்மார் கடைசியாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அறுபது வருஷப் பொறாமை, ஒரு சாயங்காலத்தில் விட்டுப் போய்விடுமா? சின்ன வயதில், காஸெல் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் கறுப்பு வெள்ளை டிவிப் பெட்டி முன்னால் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டிக்குள் கண்ணாடிக் கூண்டில், காதில் ஹெட்போனோடு நிற்கிற வினாடி வினாப் போட்டியாளர்கள் வியர்ப்பார்கள். அவர்கள் தொண்டையைச் செருமுவதற்குள் கிஸ்பெர்ட் பதிலைச் சொல்லிவிடுவார். அம்மா உப்புக் குச்சி பிஸ்கட்டுகளை அவருக்குத்தான் முதலில் நீட்டுவாள். வோல்க்மார் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனால் மேல்படிப்புக்கு அப்பா அனுப்பியது அவனைத்தான். கிஸ்பெர்ட் பதினைந்து வயதில் காட்டுக்கு மரம் வெட்டப் போனார். தம்பி லத்தீன் வாத்தியார் ஆனான்.

கண்ணாடிக் கூண்டு போய், பட்டனைத் தட்டுகிற போட்டி வந்தது. பிறகு நாலு பதிலில் ஒன்றைச் சொல்லிப் பணத்தை அள்ளுகிற காலம் வந்தது. கிஸ்பெர்ட் எதையும் விட்டுவைக்கவில்லை, பதினோரு தடவை விண்ணப்பம் போட்டார். ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லை. வோல்க்மார் போட்டது ஒரே தடவை. கூப்பிட்டுவிட்டார்கள்.

போனில் யாரிடம் உதவி கேட்கப் போகிறீர்கள் என்று நிகழ்ச்சி நடத்துநர் கேட்டதற்கு, "எங்க அண்ணன்கிட்ட. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்தது," என்றான் தம்பி. நாடே கேட்டது.

கேள்வி வந்தது. தம்பி அதைப் போனில் படித்தான்: மரத்தில் தலைகீழாக இறங்கும் பறவை எது? நாற்பது வருஷம் காட்டில் வேலை பார்த்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? க்ளைபர். அவர்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் அப்பா மாட்டிய பறவைப் பெட்டிக்கு மண் பூசி, வாசலைக் குறுக்கிக்கொண்டு, வருஷா வருஷம் குடியிருந்த பறவை. பெயர் நாக்கு நுனியில் நின்றது. பதில் சொல்ல இருந்தது முப்பது நொடி.

"தெரியல, வோல்க்மார்," என்றார் கிஸ்பெர்ட்.

தம்பி அதற்கு மேல் ஆடவில்லை. அதுவரை கிடைத்த பணத்தோடு எழுந்துவிட்டான். அன்றைக்குக் கிஸ்பெர்ட் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாளிலிருந்து தூக்கம் கெட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தம்பியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கிளம்பிப் போவார். கேக்கைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார். இப்படியே இருபது வருஷம் போய்விட்டது. இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்றுதான் இந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு வந்திருந்தார்.

"வோல்க்மார், அந்தப் பறவை விஷயம்..."

பதில் இல்லை. மூச்சும் இல்லை. டிவியில் யாரோ ஜெயித்துக் கைதட்டல் கேட்டது.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். டிவியை அணைத்தாள். போகிற உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். கீழே காப்பி குடிக்கப் போயிருந்த அன்னெகிரெட் ஓடி வந்து, புருஷனின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"எனக்கு அந்தப் பதில் தெரியும், அன்னெகிரெட்," என்றார் கிஸ்பெர்ட்.

"எந்தப் பதில்?"

"க்ளைபர்."

அவள் திரும்பவில்லை. போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"அவனுக்கும் தெரியும். உங்க வீட்டு மரத்துல இருந்த பறவை, அவனுக்கு மட்டும் மறந்துடுமா?"

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ணான்?"

"உன் குரல் டிவியில வரணுமாம். உனக்குத் தெரிஞ்ச கேள்வியா வரட்டும்னு காத்துக்கிட்டே இருந்தான். அண்ணன் சொல்லித்தான் ஜெயிச்சான்னு ஊரு பேசணுமாம்."

"தெரிஞ்சவன் சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுவான்? காட்டுல இருக்கிற நீ தெரியலன்னுட்ட. அடுத்த நிமிஷமே வாத்தியார் சொன்னா, ஊரு உன்னைப் பாத்துச் சிரிக்காதா? பணம் போச்சேன்னு நான் ஒரு வாரம் அவன்கூடப் பேசல."

கிஸ்பெர்ட் ஷேவரைக் கீழே வைத்தார். "நான் பொய் சொன்னது..."

"அதுவும் தெரியும். 'அவன் மூச்சு விட்ட விதத்துலயே தெரிஞ்சுது'ன்னான்."

அப்படியானால் இருபது வருஷமாக, கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து அண்ணன் தட்டில் வைத்ததெல்லாம் தெரிந்துதான். பாவி, இதிலும் முந்திக்கொண்டானே. கிஸ்பெர்ட்டுக்குக் கோபம் பொங்கியது. இப்படி ஒரு மனசு தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று வயிறு எரிந்தது.

அன்னெகிரெட் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"வந்து உக்காரு. கை இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். தம்பியின் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அது முழுதாகக் குளிர்ந்த பிறகும் விடவில்லை.