எட்டரை மணிக்காரன்

அன்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என் மச்சினனின் கையெழுத்து பதினேழு தடவை இருந்தது. கடையிலிருந்து ஒன்பதரைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். மகளின் பள்ளிக்கூடத்தில் மாதா மாதம் கொடுக்கும் தூக்க அட்டை. தேதி, விளக்கை அணைத்த நேரம், காலையில் எழுந்த நேரம், நடுவில் எழுந்தால் அதற்குக் காரணம், கடைசியில் தூங்க வைத்தவர் கையெழுத்து. காரணத்தை மட்டும் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும் என்று வகுப்பு மிஸ் உத்தரவு. அந்தக் கட்டங்கள் பதினேழும் காலியாக இருந்தன. அதாவது, பிள்ளை நடுவில் எழுந்திருக்கவே இல்லை. விளக்கை அணைத்த நேரம் பதினேழிலும் எட்டரை. ஒரு நாளாவது எட்டு முப்பத்தைந்து என்று இருக்கக் கூடாதா? நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கை கால் அடிக்கச் சொல்லிக்கொடுப்பவன், வங்கி மேலாளர் மாதிரி கையெழுத்தின் வாலைச் சுழித்துக் கீழே இரண்டு புள்ளி வைத்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த அட்டை வருவதற்கு முன்னால் வீடு வேறு மாதிரி இருந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். முன்னால் நின்று சிரித்துப் பேசுகிறவர்கள் வேறு. என் முகத்தை வாடிக்கையாளர்கள் பார்ப்பதில்லை. ஒன்பது மணிக்குக் கடை சாத்தியதும் வண்டியை எடுத்தால் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன், ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. முதல் மாடி ஜன்னலில் வாண்டு வந்து நிற்பாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புது ஃபிரேமில் இருந்து கழற்றிப் போடும் பவர் இல்லாத கண்ணாடித் தகடுகளை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுப்பாள். அவற்றை வைத்து நாங்கள் டாக்டர், திருடன், டீச்சர் என்று விளையாடுவதற்குள் மணி பதினொன்றாகிவிடும். நாள் முழுக்க இயந்திரத்தின் கிர்ர் சத்தத்தைக் கேட்டவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் சம்பளம். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் குறட்டையில் இருப்பேன். கடை பத்து மணிக்குத்தானே.

பிறகு வகுப்பு மிஸ் கூப்பிட்டார். வாண்டு இரண்டாவது பீரியட் ஆரம்பித்ததும் தூங்கிவிடுகிறாளாம். எழுப்பினால் கன்னத்தில் பென்சில் அச்சு இருக்கிறதாம். கணக்கு வராத பிள்ளை இல்லை, கணக்கு நடக்கும்போது விழித்திருக்காத பிள்ளை என்று சொன்னார். இந்த வயதில் ஒன்பது, பத்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும், தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்றார். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். எட்டேகாலுக்கு வந்து, கீழ்வீட்டில் விட்டிருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். யார் பிள்ளையை எட்டரைக்குப் படுக்க வைப்பது என்று நான் கேட்டேன், முடியாத காரியம் என்று நிரூபித்துவிட்ட திருப்தியில். சரியாக அந்த வாரம் அவள் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். இந்த ஊர் நீச்சல் குளத்தில் ஆறு மாத வேலை. காலை ஐந்தரைக்கு முதல் வகுப்பு என்பதால் அவனே ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவன். "நான் பாத்துக்கறேன்கா," என்றான். அவ்வளவுதான். என் ஒன்றரை மணி நேரம் போயிற்று.

அவனுக்கு 'எட்டரை' என்று பெயர் வைத்தேன். மனைவி முறைத்தாள். வாண்டுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், எட்டரை மாமா, எட்டரை மாமா என்று அவன் பின்னாலேயே அலைந்தது எனக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது. ஏழு மணிக்கு போன், டிவி எல்லாம் நிறுத்தம். அவன் போனும் அலமாரிக்குள் போய்விடும். ஏழரைக்கு அவனே தோசை ஊற்றிச் சாப்பாடு. எட்டுக்கு வெந்நீரில் கால் கழுவி, பல் தேய்த்து, மறுநாள் சீருடையை நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டுப் படுக்கை. எல்லாவற்றையும் மனைவிதான் சொல்லுவாள், என் தட்டில் பரிமாறிக்கொண்டே. ஒரு மாதத்தில் பிள்ளை காலையில் ஆறு மணிக்குத் தானாக எழுந்துவிடுகிறாள், சிடுசிடுப்பே இல்லை, மிஸ் நோட்டில் பாராட்டி எழுதியிருக்கிறார் என்பாள். நீங்களும் ஆறு மணிக்கு எழுந்தால் பிள்ளையோடு ஒன்றரை மணி நேரம் இருக்கலாமே என்றும் ஒரு நாள் சொன்னாள். நாளையிலிருந்து என்றேன். அன்று இரவும் பன்னிரண்டரை வரைக்கும் யாரோ யாருக்கோ கிணறு வெட்டும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்தை எண்ணிய மறுநாள் எனக்கு வார விடுமுறை. இன்றைக்கு நான் தூங்க வைக்கிறேன் என்று அறிவித்தேன். மச்சினன் தாராளமாக விலகிக்கொண்டான். அந்தத் தாராளமும் எனக்குப் பிடிக்கவில்லை. வெந்நீர், பல், சீருடை எல்லாம் முறையாக நடந்தது. விளக்கை அணைத்துப் பக்கத்தில் படுத்தேன். இரண்டே நிமிடத்தில் வாண்டு என் மூக்கைப் பிடித்தாள், நான் டாக்டர் குரலில் பேசினேன், இருவரும் போர்வைக்குள் சிரித்துச் சிரித்துக் கட்டில் ஆடியது. ஒன்பதே கால் ஆனது. அப்போது அவள் எழுந்து உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, உன்கூட இருந்தா சிரிப்புதான் வருது. தூக்கம் வரல. மாமாவ வரச் சொல்லு."

நான் கதவருகே நின்று பார்த்தேன். அவன் கட்டிலில்கூட உட்காரவில்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொடுப்பது போலத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். கால் விரல் மிதக்குது. குதிகால் மிதக்குது. முழங்கால் மிதக்குது. இடுப்புக்கு வரும்போது பிள்ளையின் கை பக்கவாட்டில் சரிந்தது. தோளுக்கு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அவன் அதற்குப் பிறகும் தலைவரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தான். என் பிள்ளை, என் வீடு, என் கட்டில்; நான் கதவைப் பிடித்துக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்றேன். பதினெட்டாவது கையெழுத்தையும் அவனே போட்டான். ஒன்பது நாற்பது என்று நேர்மையாக வேறு எழுதி வைத்தான்.

மறுநாள் தெருமுனையில் என் கட்டைவிரல் ஹாரன் பொத்தான் மேல் போயிற்று. குறுக்கே நாய் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. வண்டிகள் ஓயாமல் போகும் தெரு அது. என் ஹாரனை மற்ற ஹாரனிலிருந்து பிரித்தறியும் காது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. நான் மாடி ஏறும்போது அவள் கூடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். ஏன் எழுந்தாய் என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். தண்ணி தாகம் என்றாள் வாண்டு. மச்சினன் கூடத்து மூலையில் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு செத்தவன் மாதிரி தூங்கினான். சரி, நானே படுக்க வைக்கிறேன் என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். படுக்கை அறையில், மனைவி வந்து படுத்து அசந்த பிறகும், போர்வைக்குள் கிசுகிசுவென்று டாக்டர் விளையாட்டு. பதினொன்றரை ஆயிற்று. எனக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அந்த வாரம் நான்கு நாள் நாய் குறுக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை மிஸ் மறுபடி போன் செய்தார். கணக்குப் பரீட்சையில் பாதித் தாளை எழுதிவிட்டு அதன் மேலேயே தலை சாய்த்துவிட்டாளாம். நான் வீட்டுக்கு வந்தபோது மனைவி தம்பியை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். படுக்கப்போகும் நேரத்தில் அதிகமாகத் தண்ணீர் கொடுக்கிறாயா, பயம் காட்டும் கதை ஏதாவது சொல்கிறாயா, இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது எப்படிக் கெட்டது என்று. அவன் எதற்கும் குரலை உயர்த்தவில்லை. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்றான். கூடத்தில் தான் புரள்வதும் விடியற்காலையில் கிளம்பும் சத்தமும் பிள்ளையைக் கெடுக்கிறது போலிருக்கிறது, அவளுக்குத் தூக்கம் லேசாகிவிட்டது, குளத்தில் காவலாளி அறை காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விடுகிறேன் என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க அத்தான்?"

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கூசாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "உனக்கு எது சவுகரியமோ அப்படிச் செய்," என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக.

அன்று ஹாரன் அடிக்கவில்லை. ஆனாலும் தூக்கம் வந்தபாடில்லை. கிணறு வெட்டும் வீடியோவும் உதவவில்லை. ஐந்து மணிக்குக் கூடத்தில் ஏதோ அசைவது போலிருக்க, எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். மச்சினன் கிளம்பிக்கொண்டிருந்தான். விளக்கைப் போடவில்லை. சாவிக்கொத்து குலுங்காமல் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தான். தாழ்ப்பாளை ஒரு விரலால் தாங்கிப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். இரண்டு மாதமாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறான் போலும். நான் ஒரு நாள்கூட எழுந்து பார்த்ததில்லை. இந்தச் சத்தம்தான் பிள்ளையை எழுப்புகிறது என்று அவன் நம்பிவிட்டான், நம்பவிட்டவன் நான். கதவு சாத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றேன். அட்டையில் அந்த வாரத்துக் கட்டங்களை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். விளக்கு அணைத்த நேரம் எட்டரை, எட்டரை, எட்டரை, எட்டரை. நடுவில் எழுந்த காரணம் என்ற இடத்தில் வாண்டின் கோணல் எழுத்து, கட்டத்துக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு. தண்ணி தாகம். தண்ணி தாகம். தண்ணி தாகம். தண்ணி தாகம். நான்காவதில் பென்சிலை அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். பிள்ளை எழுதியே வைத்திருக்கிறாள்.

சரியாக ஆறு மணிக்கு அவள் எழுந்து வந்தாள், முகமெல்லாம் தலையணை வரி. என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏம்ப்பா, இன்னும் தூங்கலியா?"

எழுந்துவிட்டேன் என்றேன். நம்பவில்லை. அவளைத் தூக்கி மேடைமேல் உட்கார வைத்து, அட்டையைக் காட்டி, நிஜமாகவே தாகமா எடுத்தது என்று கேட்டேன். காலை ஆட்டிக்கொண்டே அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஹாரன்னு எழுதினா அம்மா உன்ன திட்டுவாங்கல்ல," என்றாள். பிறகு, அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது போல, "மாமா போயிட்டா நீ எட்டரைக்கு வந்துடுவியா?"

கடை ஒன்பதுக்குத்தான் சாத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவனைத் துரத்திவிட்டு நான் அந்த இடத்தில் உட்காரப் போவதில்லை, அந்த இடம் சும்மா கிடக்கப்போகிறது. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. முடியாதுடா கண்ணு என்றேன். அவள் அழவில்லை. காலை ஆட்டுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

அவளுடைய பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து வரச் சொன்னேன். நான்கு கட்டங்களையும் அழித்தேன். கிழிந்த இடத்தில் கையை லேசாக வைத்து அழித்தேன், லென்ஸ் துடைக்கிற மாதிரி. பிள்ளைதான் எழுத வேண்டும் என்பது உத்தரவு என்று அவள் தடுத்தாள். இது என் காரணம், நான்தான் எழுத வேண்டும் என்றேன். அப்பா ஹாரன் அடித்தது. நான்கு தடவை எழுதி அட்டையை மறுபடி ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினேன். காந்த வில்லையை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன், எழுத்து மறையக் கூடாதே.

வாண்டு என் கண்ணை உற்றுப் பார்த்தாள். சிவந்திருக்கிறது, நீ தூங்கவே இல்லை, எனக்குத் தெரியும் என்றாள். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கூடத்து மூலையில் மச்சினனின் பாயில் படுக்கச் சொன்னாள். அவன் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து என் கண்மேல் போட்டாள். குளத்துத் தண்ணீரின் மருந்து வாசனை அடித்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. தாழ்ந்த குரலை வரவழைத்துக்கொள்ளத் தொண்டையைச் செருமினாள்.

"கால் விரல் மிதக்குது. பேசாதப்பா. குதிகால் மிதக்குது."

முழங்காலுக்கு வரும்போது படுக்கை அறைக் கதவு கிறீச்சிட்டது. மனைவி எழுந்துவிட்டாள். காலையில் அவள் நேராகப் பால் எடுக்கத்தான் போவாள். துண்டுக்கு அடியில் நான் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். இடுப்பு மிதக்குது என்றது குரல். காலடிகள் அடுப்படிக்குள் போயின, ஃபிரிட்ஜ் முன்னால் நின்றன. கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வாண்டு தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, தலைவரைக்கும் வந்துவிட்டாள். கதவு இன்னும் திறக்கவில்லை.