டெல்சி இறங்காத ஆட்டம்

ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில், பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் டெல்சி கையையே தூக்கினாள். கோட்டருகே நின்றிருந்த கிருபாராணி அதைக் கவனித்தாள். ஓசூர் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவள் நம்பியிருந்த ஒரே கோல்கீப்பர் டெல்சிதான்.

போன ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் டெல்சியின் நெற்றிப்பொட்டில் இடித்திருந்தது. உடனே எழுந்து சிரித்துவிட்டாள். இப்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் உடைந்து அழுதாள்.

"வெளிச்சத்தப் பாத்தாலே தல சுத்துது மேடம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு பெங்களூர் டீம்ல இருந்து என்னைய பாக்க வராங்க. தலையில அடின்னா யாரு எடுப்பாங்க?"

கிருபாராணி அவளை அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து, விளையாடவே கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். அணியை நடத்தும் உதிரிபாகக் கம்பெனியின் மேனேஜர் ஹரீஷ்குமாரிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரே ஒரு மேட்ச் மேடம். மாத்திர போட்டுட்டு நிக்கட்டும். கீழ எறங்கினா ஓனர் டீமையே மூடிடுவாரு."

"டீம் போடறது நானுங்க. அவ எறங்க மாட்டா."

"அப்ப தோத்தா உங்க தலையிலதான் விடியும்."

"விடியட்டுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றுக் கோல்கீப்பரான பாகலூர் பிரியா பெரிய ஆட்டம் எதிலும் நின்றதில்லை. மறுநாள் கையுறைப் பட்டையைச் சரியாகப் போடவே அவளுக்கு வரவில்லை. கிருபாராணி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதை இறுக்கிக்கொண்டே பிரியாவின் வீட்டு மொழியான கன்னடத்தில் மெதுவாகப் பேசினாள். பந்து உள்ளே போனால் அது என் தப்பு, உன் தப்பில்லை என்றாள்.

பிரியா நன்றாகவே நின்றாள். கோல் விழாமலே ஆட்டம் முடியப் போனது. கடைசியில் ஒரு கார்னர். உயர்ந்து வந்த பந்து அவள் கையில் பட்டு நழுவி வலைக்குள் விழுந்தது.

விசில் ஊதியதும் கிருபாராணி நேராகப் பிரியாவிடம் போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். டெல்சியை ஏன் இறக்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் மறித்துக் கேட்டார்கள். "அது என் முடிவு. தோல்விக்கு நான்தான் பொறுப்பு" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை.

உடைமாற்றும் அறையில் கேப்டன் ஜெசி கத்தினாள். "அவளுக்கு என்னா கொறைச்சல்? எங்ககிட்டயாச்சும் சொல்லலாம்ல மேடம்? ஒரு வருச உழைப்பு போச்சு!"

கிருபாராணி டெல்சியைப் பார்த்தாள். டெல்சி தலை நிமிரவில்லை. தோற்றதைவிட அந்த மௌனம்தான் கிருபாராணியை அதிகம் வதைத்தது. இருந்தும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுவாரமே கிருபாராணியை வேலையை விட்டு அனுப்பினார்கள். அணியை மூடவில்லை, வேறொரு பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள்.

புதியவரின் முதல் பயிற்சி நாளன்று பிரியா போன் செய்தாள். கிருபாராணி அப்போது பஸ் நிலையத்தில் நின்றிருந்தாள்.

"மேடம், புது சார் டெல்சிய கோல்ல நிக்கச் சொன்னாரு. எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா மேடம். தலையில அடி, டாக்டர் சொல்ற வரைக்கும் நிக்க மாட்டேன், அன்னிக்கு மேடம் என்னையதான் காப்பாத்துனாங்கன்னு. ஜெசி அழுதுட்டே இருக்கா."

டெல்சி வாய் திறந்துவிட்டதில் கிருபாராணிக்கு நிம்மதி. இனி டெல்சியை எந்த அணி எடுக்கும் என்ற பயமும் கூடவே வந்தது.

"சார் என்ன சொன்னாரு?"

"மொகம் மாறிப்போச்சு மேடம். என்னைய நிக்கச் சொன்னாரு."

"அப்ப போன வெச்சிட்டுப் போய் நில்லு. கார்னர் பந்துக்கு முன்னாடியே குதி."