பொட்டலம் சாப்பிடும்போது

எங்கே நிற்கக் கூடாது என்று சொன்ன டாக்டரம்மா, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்து யாரு என்று வெளியே இருந்த நாயைக் கூப்பிட்டுவிட்டார், இங்கே ஒரு மனிதன் கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சொந்தச் சமையலறையில் நிற்க இடம் தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கிறது... அடுப்புப் பக்கம் நின்றால் எல்லாம் நேரே தெரிகிறது, ஜன்னல் பக்கம் நின்றால் நிழல் கிண்ணத்தின்மேல் விழுகிறது, கதவோரம் நின்றால் வழியை மறித்த மாதிரி ஆகிவிடும். பொட்டலம் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெயரே அதுதான். மழையில் நனைந்து கிடந்ததைக் கழுத்தில் சுற்றியிருந்த துணியில் சுருட்டிக் கொண்டுவந்து மகள் மேஜைமேல் வைத்தபோது, என்ன பொட்டலம் இது, காய்கறியா, என்று அவர் கேட்க, பொட்டலம் வாயைத் திறந்து மியாவ் என்றது. அன்றைக்கு மகள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு... அதற்குப் பிறகு அப்படி எப்போது சிரித்தாள்? உள்ளங்கையில் அடங்குகிற பூனைக்குட்டி, பாதி வயிறு, மீதி வாய். அவக் அவக்கென்று தின்னும், கொஞ்சம் நடக்கும், நின்று எதையோ யோசிக்கும், முதுகு வளையும், அவ்வளவுதான், உள்ளே போனதெல்லாம் போன வழியே வந்துவிடும், ஒரு தடவை அவருடைய செருப்பில், இன்னொரு தடவை மனைவி இஸ்திரி போட்டு அடுக்கிய துணியின்மேல். கோபம் வரவில்லை. வாந்தி எடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்குமே, தப்பு பண்ணிட்டேனா என்று கேட்கிற மாதிரி, அதைப் பார்த்த பிறகு யாருக்குக் கோபம் வரும்? பரவாயில்லடா, பரவாயில்லடா என்று சொல்லிக்கொண்டே துடைப்பார். தின்பது எதுவும் தங்காவிட்டால் இது எப்படித் தேறும், இது தேறாமல் போனால் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கவனிக்காமல் விட்டாரா என்ன? பாலை நிறுத்திப் பார்த்தார், மீனை முள் இருக்குமோ என்று விரலால் நசுக்கித் தடவித் தடவிப் போட்டார், கிண்ணத்தை மாற்றினார், கிண்ணத்துக்கு அடியில் பலகை வைத்தார், ஒவ்வொரு வேளையும் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவா, மெதுவா, யாரும் பிடுங்க மாட்டாங்க, என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கொட்டாமல் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதற்குத்தான் சம்பளமே. நீச்சல் குளத்தின் ஓரத்தில் உயரமான இரும்பு நாற்காலி, அதில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும், உள்ளே போன தலை வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊத வேண்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில் மாமா. பயிற்சியில் முதல் பாடமே மூழ்குகிறவன் கத்த மாட்டான் என்பதுதான், கத்துகிறவன் விளையாடுகிறான், சத்தம் நின்றுபோன இடத்தில்தான் ஆபத்து, அதனால் காதை நம்பாதே, கண்ணை எடுக்காதே. அவர் எடுத்ததில்லை. எடுத்தது வீட்டில், ஒரே ஒரு தடவை, மகள் அப்போது சின்னக் குழந்தை, எதிரே உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தாள், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று தலையைத் திருப்பினார், என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் பார்த்தால் குழந்தையின் முகம் நீலம்... சத்தமே இல்லை, அதுதான், துளி சத்தம் இல்லை. மனைவி ஓடிவந்து பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஓங்கித் தட்டினாள், திராட்சை முழுசாக வெளியே வந்து தரையில் உருண்டது. அதோடு போயிற்று. மகளுக்கு அது நினைவுகூட இல்லை. அவர்தான் அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது எதிர் நாற்காலியை விட்டதில்லை, வேலை நேரத்தைக்கூட அதற்குத் தோதாக மாற்றி வாங்கிக்கொள்வார். அவள் வளர்ந்தாள், கல்லூரிக்குப் போனாள், அவர் பார்வை அந்தச் சின்னத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நீங்க பாக்கற பார்வைக்குத் தண்ணி குடிச்சாக்கூட விக்கும், என்று மருந்துக் கடை வேலையிலிருந்து வந்த களைப்போடு மனைவி சொல்வாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள், அவரும் சிரிப்பார், கேலி என்றுதான் நினைத்தார்.

காலையில் டாக்டரம்மா பொட்டலத்தின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், பூச்சி இல்லை, கட்டி இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார், நல்லா இருந்தா ஏன் டாக்டர் இப்படி, என்று இவர் கேட்டபோது, அது சாப்பிடும்போது எடுத்து வரச் சொல்லியிருந்த வீடியோவைக் கேட்டார். மகளோடு சேர்ந்து பொட்டலமும் சாப்பிடட்டும் என்று மேஜைக்கு அடியில் கிண்ணத்தை வைத்து, தரையோடு தரையாகக் குனிந்து அவர் எடுத்த வீடியோ. டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார், மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார், திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"காதைப் பாருங்க சார், பின்னாடி மடங்கியிருக்கு. ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து பாக்குது. அது சாப்பாட்டப் பாக்கல, உங்களத்தான் பாக்குது."

என்னையா, நான் என்ன செய்தேன், நான்தானே போடுகிறேன், நான் பிடுங்குவேனா? அதுக்குத் தெரியாதே சார், தெருவில் பெரிய பூனைங்களுக்கு நடுவில் தின்ன குட்டி, யாராவது உத்துப் பார்த்தால் அதற்குள் முழுங்கிவிட வேண்டும் என்று அவசரம், அவசரத்தில் முழுங்கினது தங்காது, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுங்கள்... இவ்வளவுதான் வைத்தியம், மாத்திரைகூட இல்லை. வரும் வழியெல்லாம் அவருக்கு மனசு ஆறவில்லை. பாசமாகப் பார்ப்பதற்கும் பறிக்கப் பார்ப்பதற்கும் ஒரு குட்டிக்கு வித்தியாசம் தெரியாதா? கடைசியில், சரி, என்று கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து வைத்தார். பின்னால் சத்தம் இல்லை... சத்தம் இல்லை என்றால்? திரும்பாதே. அப்புறம் மெல்ல, நக்குகிற சத்தம், நின்று, கொஞ்சம் கழித்து மறுபடியும் நக்குகிற சத்தம். கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமே என்று போனை எடுத்து அதே வீடியோவைப் போட்டார். பொட்டலத்தின் மடங்கிய காதுகள், ஆமாம், இருக்கின்றன, எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது... கிண்ணத்துக்குப் பக்கத்தில் மகளின் கால்கள். அது டாக்டரம்மா கண்ணில் பட்டிருக்காது, பட்டாலும் அவருக்கு அது வெறும் கால். உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால்கள் நிற்கிற விதம் இவருக்குத் தெரியும். குதிகால் இரண்டும் தரையை விட்டுத் தூக்கியிருக்க, விரல்கள் மட்டும் தரையை அழுத்தியிருக்கின்றன. குளத்தின் விளிம்பில் விசிலுக்குக் காத்து நிற்கிற பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள், பாய்வதற்கு.

வீடியோவில் அவருடைய குரலே கேட்டது, மெதுவா, மெதுவா, என்று. யாரிடம் சொன்னார், பூனையிடமா, அவளிடமா? இரண்டு பேரிடமும்தான் இருக்கும். மேலே மேஜையில் கரண்டி தட்டில் படபடவென்று மோதுகிற சத்தம், நாற்காலி பின்னால் போகிற சத்தம், கால்கள் காணாமல் போகின்றன, எங்கோ அவள் அறைக் கதவு சாத்துகிறது. போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, ஒரே பஸ்ஸில் போய்விடுகிற கல்லூரிக்கு ஹாஸ்டல் எதற்கு என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார், சும்மாதான்பா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. யாரையாவது காதலிக்கிறாளோ, வீடு சின்னதாகத் தெரிகிறதோ, அப்பாவின் வேலை கௌரவமாக இல்லையோ... என்னென்னவோ நினைத்தார், தூக்கம் கெட்டார். அவள் போகக் கூடாது, அவளில்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. காரணம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. கால் பாதத்தில் என்னவோ சூடாகப் பட்டது. குனிந்தால், பொட்டலம் அவர் பாதத்தின்மேல் சுருண்டுகொண்டிருக்கிறது, கிண்ணம் காலி, தரையில் ஒன்றும் இல்லை, செருப்பிலும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். வயிறு புடைக்கத் தூங்குகிறது, ராஸ்கல்.

வாசல் கதவு திறந்தது, பையைப் போடுகிற சத்தம், மகள். பசிக்குது என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். மேஜைமேல் முட்டையும் உருளைக்கிழங்கும் வதக்கி வைத்திருந்தார், ரொட்டி வைத்திருந்தார், அவள் உட்கார்ந்ததும் எதிர் நாற்காலியை இழுக்கப் போன கையை எப்படியோ தடுத்து, மிச்சக் கிழங்கு இருந்த வாணலியோடு தொட்டிப் பக்கமே திரும்பி நின்றார், கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். அவளுக்கு அது வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தமே வரவில்லை. முதுகு முழுக்கக் காதாக நின்றார். விக்கினால்? அடைத்துக்கொண்டால்? காதை நம்பாதே, கண்ணை எடுக்காதே... கரண்டி ஒரு தடவை பட்டது. பிறகு ஒரு தடவை. அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், வகுப்பில் பேராசிரியர் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததையும், கடைசி வரை யாருமே சொல்லாததையும், வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே, அவர் முதுகைப் பார்த்து. அப்புறம்? என்றார் தொட்டியிடம். அப்புறம் என்ன, அவரே கண்டுபிடிச்சிட்டாரு, என்று சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. பொட்டலத்துக்கு என்ன ஆச்சு என்றாள், தின்னது தங்கிடுச்சு என்றார். திடீரென்று சத்தம் நின்றது. கரண்டி இல்லை, பேச்சு இல்லை. குளத்தில் என்றால் இதற்குள் குதித்திருப்பார். தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அவள் கேட்டு அவர் கேட்டதே இல்லை, கேட்பதற்குள் போட்டுவிடுவார், கேட்க இடமே வைத்ததில்லை. இருக்கு என்றார். மறுபடி பாதத்தில் வந்து சுருண்டிருந்த பொட்டலத்தின் அடியிலிருந்து காலை மெல்ல உருவிக்கொண்டு வாணலியை எடுத்தார், போட வேண்டுமானால் திரும்பத்தான் வேண்டும், திரும்பினால் கண்ணை எங்கே வைப்பது, தட்டிலா, அவள் முகத்திலா, எந்த இடத்தில் வைத்தால் அது சும்மா ஒரு அப்பா பார்க்கிற பார்வையாக இருக்கும்? தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். மேஜைக்கு அடியில் அவள் கால்கள், குதிகால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. தலை நிமிராமலே கிழங்கைப் போட்டார், ஒன்றிரண்டு மேஜையில் சிந்தியது. போதும்பா என்றாள் அவள், அப்புறம், இன்னும் கொஞ்சம் என்றாள். நிமிர்ந்து பார்க்க ஆசையாக இருந்தது, நிமிர்ந்தால் அந்தக் குதிகால்கள் அங்கேயே இருக்குமா என்றுதான் தெரியவில்லை.