பீலிக்குக் கீழே ஒரு கல்யாணம்

இராஜகுமாரியின் கொய்யா மரம் வேலி தாண்டி, பக்கத்து வீட்டு ஹபீலின் கூரை மேல் ஒரு கிளையை நீட்டிக்கொண்டிருந்தது. இலை விழுந்து, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்துக்கொண்டது. மழை பெய்தால் தண்ணீர் சுவரில் வழிந்தது. கண்டி மழையைக் கேட்கவா வேண்டும்? கடைசியில் ஒரு ஞாயிறன்று ஹபீல் ஏணியும் கைவாளுமாக வந்துவிட்டார்.

ஏறியவர் பாதியில் அலறினார். "தங்கச்சி! இது என்ன, பேயா பூச்சியா?"

கிளை முழுக்க விரல் தடிப்பில் பச்சைப் புழுக்கள், மாவில் புரட்டியது போல. இராஜகுமாரி படமெடுத்து, பேராதனைக் கம்பஸில் படிக்கும் மகளுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. "அம்மா, வெட்டவே விடாதீங்க! அட்லஸ் அந்துப்பூச்சி. காட்டுல கறுவா மரத்துல இருக்கும், கொய்யா இலையும் தின்னும்."

"கூடு கட்டுற வரைக்கும் பொறுத்துக்கங்க நானா," என்று இராஜகுமாரி ஹபீலை அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினாள்.

முணுமுணுத்தபடி இறங்கினார். புழுக்கள் கிளையையே மொட்டையாக்கின. இலை விழுவது நின்றது. ஆனால் இப்போது பீலி நிறைய மிளகு மிளகாக எச்சம்! இராஜகுமாரியே ஏணியில் ஏறிக் கழுவினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்ட ஹபீலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஒரு புழு கூரையிலிருந்து இறங்கி அவருடைய ஜன்னல் கம்பியில், அங்கே ஒட்டியிருந்த கொய்யா இலையைச் சுற்றிக் கூடு கட்டியது. அன்றிலிருந்து அந்த ஜன்னலை யாரும் திறக்கக்கூடாதென்று அவர் வீட்டில் சட்டம் போட்டார். ஒரு நாள் காலையில் கூட்டைக் கிழித்துக்கொண்டு செம்பழுப்பு அந்து வெளியே வந்தது. விரித்த இறக்கை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். நுனியில் பாம்புத் தலை போலொரு கோலம். பறக்காமல் அப்படியே தொங்கியது.

மறுநாள் விடிந்ததும் வேலியருகே ஹபீலின் குரல். "தங்கச்சி, ஓடி வாங்க! எங்கட ஊட்டுக்கு மாப்பிள்ளை வந்தீக்கி!"

கம்பியில் இரண்டு அந்துகள் வாலோடு வால் சேர்ந்து தொங்கின. உடவத்தகெல காட்டிலிருந்து பெண்ணின் வாசனை பிடித்தே ஆண் வந்திருக்கும் என்றாள் மகள், தொலைபேசியில்.

ஹபீலின் மனைவி பால் சேர்க்காத பிளேன்டீயுடன் வந்தாள். "மாப்பிள்ளைக்கு என்ன குடுக்க?"

"ஒண்ணும் வேணாம்க்கா. அந்துப்பூச்சி ஆன பொறகு இதுகளுக்குத் திங்க வாயே இல்லையாம்," என்றாள் இராஜகுமாரி.

"வாயில்லாத மாப்பிள்ளையா?" ஹபீலின் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "பொண்ணு கொடுத்து வச்சவ!"

ஹபீல்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.