சைமி படிக்கக் கூடாத ஐந்து காகிதங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தூண்டிலில் இருந்து வந்தது. போன மாதம் வீடு மாறும்போது, அலமாரிக்குப் பின்னால் கிடந்த அதை என் மனைவி இழுத்து எடுத்து, "இது யாரோடது? நீங்க மீன் பிடிச்சு நான் பார்த்ததே இல்லையே?" என்றாள்.

"சைமியோடது."

"அவங்களோடது இங்க எதுக்கு இருக்கு?"

நான் பெட்டி கட்டப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இதில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்பதைப் பிறகு சொல்கிறேன், தைரியம் இருந்தால்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அக்டோபர் மாதத்து ஏரி, வானத்தின் துயரத்தையெல்லாம் தன்" — (நிறுத்திவிட்டேன். பின்லாந்தில் அக்டோபர் மாதத்து ஏரி சும்மா குளிராக இருக்கும், அவ்வளவுதான்.)

"மன்னிப்பு என்பது" — (இப்படித் தொடங்கும் எதையும் நான் கடைசிவரை படித்ததில்லை.)

"சைமி அட்டவணை போட்டாள்."

இது நிற்கும். ஏனென்றால் இது உண்மை. சைமிக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் சபையின் இளையோர் குழுவில் மொத்தம் ஐந்து பேர். ஆனால் சைமி இருந்ததால் ஐம்பது பேர் இருப்பது போல வேலை நடக்கும். ஏரிக்கரையில் இருக்கும் சபையின் முகாம் வீட்டுக்கு வார இறுதியில் போனால், குளிர்பதனப் பெட்டியின் மேல் அவளுடைய அட்டவணை ஒட்டியிருக்கும். "2.00: மனந்திரும்புதல். 2.40: காபி." இரண்டு நாற்பதுக்குள் மனந்திரும்பாதவர்களுக்குக் காபி ஆறிப்போகும்.

நல்ல பெண். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பாள். பிறகு கிளம்பவே மாட்டாள்.

3

அந்த அக்டோபர் சனிக்கிழமைக்கு அவள் கண்டுபிடித்தது மன்னிப்புச் சவுனா. (சவுனா என்பது விறகடுப்பு மூட்டி, அந்தச் சூட்டில் வியர்க்க வியர்க்க உட்காரும் மரக் குளியலறை.) திட்டம் மிக எளிது. நம்மால் மன்னிக்க முடியாத ஒன்றை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிக் கசக்கிப் போட வேண்டும். யாரும் படிக்கக் கூடாது. சவுனா அடுப்பைப் பற்றவைக்க அந்தக் காகிதங்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

"நம்ம கசப்பெல்லாம் புகையாப் போயிடும். அந்தச் சூடு நம்ம முதுகுக்கே திரும்பி வந்து சேரும்" என்றாள் சைமி, கம்பளித் தொப்பியை நீட்டியபடி. "விதி ஒண்ணு, படிக்கக் கூடாது. விதி ரெண்டு, பேரை மறைக்க வேண்டாம். ஆண்டவருக்கு யாருன்னு தெரியணும்ல?"

"அவருக்கு நீ எழுதிக் குடுத்தாத்தான் தெரியுமா?" என்றாள் கெர்த்து. சைமியின் வகுப்புத் தோழி. வாய் கொஞ்சம் நீளம்.

"கெர்த்து, உனக்கு மூணு நிமிஷம்தான் இருக்கு."

எழுதினோம். கெர்த்து எழுதினாள். கிதார் வாசிக்கும் ஒன்னி எழுதினான். அதிகம் பேசாத இல்மா எழுதினாள். ஓட்சோ என்ற பையன் எழுதினான். சபையின் இளையோர் ஊழியர் ரைலியும், சம்பளம் வாங்குகிறவர் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, எழுதினார். சைமி மட்டும் எழுதவில்லை.

"நான் எல்லாரையும் மன்னிச்சாச்சு" என்றாள் மகிழ்ச்சியோடு. "காலையிலேயே முடிச்சுட்டேன்."

(ரைலியை இங்கே 'எழுதினார்' என்கிறேன். அந்த ஊரில் ஆயரையே பெயர் சொல்லி நீ என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை அப்படி எழுத என் கை மறுக்கிறது. மன்னியுங்கள். பாருங்கள், இந்தக் கதையில் மன்னிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது!)

4

இனி சைமியோடு மட்டும் போக வேண்டும். தனியாக அடுப்பின் முன் உட்கார்ந்தவளின் மனதில் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் அவளே பிறகு சொன்னாள், வரிசையாக, ஒன்றுவிடாமல்.

சவுனா மூட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சைமிக்கு ஒரு நினைப்பு உண்டு. அது உண்மையும்கூட. பூர்ச்ச மரத்து விறகை அடுக்கினாள். பட்டையை உரித்து வைத்தாள். புகைபோக்கித் தகட்டைத் திறந்தாள். பிறகு தொப்பியில் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். அங்கேதான் பிழை நேர்ந்தது. கசக்கிய காகிதம் சட்டென்று எரிந்து அணைந்துவிடும், விறகு பிடிக்காது. காகிதத்தை நீவி, இறுக்கமாகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். ஒழுங்காக வளர்ந்த எந்தப் பின்லாந்துக்காரியும் கசக்கிய காகிதத்தை அடுப்பில் போடமாட்டாள். சைமி முதல் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினாள்.

சைமி என்று எழுதியிருந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ தவறாகப் புரிந்துகொண்டு நன்றி எழுதிவிட்டார்கள், பாவம். நன்றி என்றால் விதி ஒன்று பொருந்தாது. படித்தாள்.

"சைமி. என் நாய் செத்த அன்னைக்கு வந்து ரெண்டு மணி நேரம் ஆறுதல் சொன்னா. தனியா இருக்கணும்னு மூணு தடவை சொன்னேன்."

தப்பாக இருக்கும் என்று அடுத்ததை நீவினாள். "சைமி. கிதாரை வாங்கிட்டு என் கையில சலங்கைத் தட்டைக் குடுத்தா. சபையே பார்த்துச்சு."

மூன்றாவதில் கையெழுத்து பெரியவருடையது. "சைமி. நான் ஜெபத்துல மூச்சு வாங்க நிறுத்தினாக்கூட ஆமென் சொல்லிடறா. நாலு வருஷமா நான் ஒரு ஜெபத்தையும் முடிக்கலை."

நான்காவது: "சைமி படகைச் சரியாக் கட்டலை. என் தூண்டில் அதோட போச்சு."

ஐந்தாவதில் அவள் பெயர் இல்லை. "அப்பா. இன்னும் முடியல." அவ்வளவுதான். சைமி அதை உடனே மடித்தாள், திரும்பவும் மடித்தாள், யாருக்கும் தெரியாமல் எதையோ எடுத்துவிட்டவள் போல, அதை மட்டும் விறகுக்கு அடியில் ஆழமாகச் செருகினாள்.

பிறகு கையில் தீப்பெட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தில் நாலு. அவள் நேசித்தது இந்த ஒரு குழுவைத்தான். வீட்டில் அவள் பேச்சை யாரும் கேட்பதில்லை; பள்ளியில் அவளைக் கண்டாலே விலகிப் போவார்கள். இங்கே மட்டும் தன்னை விரும்புகிறார்கள் என்று நம்பியிருந்தாள். ஐந்தரைப் பேருந்து அவளுக்கு ஞாபகம் வந்தது. அதில் ஏறிப் போய்விட்டால் திரும்ப வர வேண்டாம். அப்படித்தான் முடிவு செய்தாள்.

5

(ஓட்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முந்தைய வரைவுகளில் இவனுக்கு நல்ல வசனங்களாகக் கொடுத்து வந்தேன். ஒன்றில் ஏரியில் விழுந்த குழந்தையைக்கூடக் காப்பாற்றினான். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த முகாமுக்குக் குழந்தை யாரும் வரவில்லை.)

நாலரை மணிக்குத் துண்டும் சோப்புமாகப் பெண்கள் வந்தார்கள். சற்றுத் தள்ளி, நெருப்பில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஒன்னியும் ஓட்சோவும் நிமிர்ந்து பார்த்தார்கள். சவுனாவின் புகைபோக்கியில் புகை இல்லை. சைமி மூட்டிய சவுனாவில் புகை இல்லை! தேவாலயக் கோபுரத்தைக் காணோம் என்றால்கூட அவர்கள் இப்படி ஓடிவந்திருக்க மாட்டார்கள்.

கதவு திறந்தது. கம்பளிச் சட்டையும் காலணியுமாக சைமி நின்றாள். உள்ளே பலகையில் நான்கு காகிதங்கள், ஓரம் நேராக, வரிசையாக இருந்தன.

ரைலிக்குத்தான் முதலில் புரிந்தது. காது வரை சிவந்துபோனார். "சைமி, விதி ஒண்ணு..."

"மீறிட்டேன். அதுக்கும் சேர்த்து மன்னிப்பு கேக்கறேன். ஆளுக்கு நாலு நிமிஷம், மொத்தம் பதினாறு. அஞ்சரைக்கு எனக்கு பஸ். முதல்ல கெர்த்து."

துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற கெர்த்துவின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. பிறகு அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"அடியே, மன்னிப்பு கேக்கறதுக்குமா அட்டவணை போடுவே?"

"வேற எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலடி!" என்று கத்தினாள் சைமி. கத்தியதும் அழுகை வந்தது. மூக்கை ஒழுகவிட்டு, கையைத் தொங்கவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

சைமியாக இருந்தால் இந்நேரம் யாரையாவது கட்டிப்பிடித்து இரண்டு மணி நேரம் பேசியிருப்பாள். அவர்கள் பேசவில்லை. கெர்த்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், இரண்டு முழம் தள்ளி. இல்மா மறுபக்கம் உட்கார்ந்தாள். "அடியில ஒண்ணு இருக்கு. உன்னோடதுன்னா, நான் முழுசாப் பார்க்கலை" என்றாள் சைமி, அழுகைக்கு நடுவே. அது பொய், முழுசாகப் பார்த்திருந்தாள். (முன்பு சொன்ன பொய்யர் இவளல்ல.) இல்மா தலையை மட்டும் ஆட்டினாள். நகர்ந்து சைமியின் தோளோடு தோளாக உட்கார்ந்தாள்.

ஒன்னி அடுப்பின் முன் குந்தினான். "நான் பத்தவைக்கட்டுமா?"

சவுனா மூட்டுவதில் ஒன்னி மகா மோசம். பட்டையைத் தலைகீழாக வைத்தான். நான்கு காகிதங்களையும் கசக்கியே திணித்தான். ஐந்து தீக்குச்சிகளை வீணாக்கினான். சைமியின் வாய் திறந்தது, மூடியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே புகை மண்டி எல்லோரும் இருமினார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அன்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"ஒரு ஜெபம் பண்ணலாமா?" என்றார் ரைலி. கண்ணை மூடினார். "ஆண்டவரே, நாங்க..." நிறுத்தினார். நிறுத்தம் நீண்டது. ஏரித் தண்ணீர் படித்துறையில் அடிப்பது கேட்டது. எல்லோரும் ஓரக்கண்ணால் சைமியைப் பார்த்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் போயிருக்கும்.

"அவ்வளவுதான்" என்றார் ரைலி ஆச்சரியத்தோடு. "முடிஞ்சிருச்சு."

"இப்ப சொல்லலாமா?" என்றாள் சைமி.

"சொல்லும்மா."

"ஆமென்."

ஐந்தரைப் பேருந்து அவள் இல்லாமலே போயிற்று.

6

இங்கேயே முடித்திருக்கலாம். அழகாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஓட்சோவிடம் சைமி வந்தாள். கையில் தன்னுடைய தூண்டில்.

"உன்கிட்டதான் நேத்து ஒழுங்காப் பேசல. படகை நான்தான் கட்டினேன். நல்ல முடிச்சுதான்னு நெனச்சேன். இதை வெச்சுக்க."

"ஐயோ, வேண்டாம்."

"எடுத்துக்கடா. நீ மன்னிச்சுட்டேன்னு எனக்கு அப்பத்தான் தெரியும்."

ஓட்சோ தூண்டிலை வாங்கிக்கொண்டு சொன்னான்: "பரவாயில்ல. மன்னிச்சுட்டேன்."

கண்டுபிடித்திருப்பீர்கள். ஓட்சோ என்று அந்தக் குழுவில் எவனும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவன் அந்தச் சபையின் ஒரே தமிழ்ப் பையன், பெயர் ஜெபசிங். நான்தான்.

சைமி நல்ல முடிச்சுதான் போட்டிருந்தாள். அந்த ஜூன் மாதம், அவள் கட்டிவிட்டுப் போன பிறகு, நான் படகை அவிழ்த்து மீன் பிடிக்கப் போனேன். திரும்பி வந்து அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தூண்டிலை உள்ளேயே மறந்துவிட்டு, பந்து விளையாட ஓடினேன். காலையில் படகு இல்லை. அக்கரைப் பாறையில் உடைந்து கிடந்தது. கடைசியாகக் கட்டியவள் என்று சைமி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். நான் மூன்றாம் வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யை நாலு மாதம் சுமந்தால் அது நமக்கு நடந்த அநியாயம் போலவே ஆகிவிடுகிறது. காகிதம் வந்தபோது எனக்கு உண்மையாகவே சைமி மேல் கோபம் இருந்தது. கேவலம்தான். எழுதினேன்.

7

முடிவுகள்.

(அ) கஞ்சி மேசையிலேயே ஜெபசிங் எழுந்து நின்று, "சைமி, ஒரு விஷயம்" — இந்த வாக்கியத்தை இருபத்திரண்டு வருடமாக முடிக்கப் பார்க்கிறேன்.

(ஆ) சைமிக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாள். (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன்.)

(இ) நடந்தது. சைமி இப்போது வடக்கே ஒரு சிறிய ஊரில் ஆயர். மக்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவர் என்று அங்கே அவளுக்குப் பெயர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை வரும். அடியில் எப்போதும் ஒரே வரி: "மீன் கடிக்கிறதா?" நானும் ஒவ்வொரு வருடமும் "கடிக்கிறது" என்று எழுதி அனுப்புகிறேன்.

இந்த வருட அட்டைக்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதினேன், பத்துப் பக்கம், ஒன்றுவிடாமல். முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் என் சாமர்த்தியம் எனக்கே உறைத்தது. அவளோடு நான் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

இந்தக் காகிதத்தையும் அவள் படிக்க முடியாதபடி கசக்கித்தான் எழுதியிருக்கிறேன். நீவிவிட்டுப் படித்தது நீங்கள். அட்டை மேசையில் இருக்கிறது, பேனா பக்கத்தில் இருக்கிறது, "சைமி, ஒரு விஷயம்" வரை அவள் மொழியில் எழுதியும் விட்டேன். யாராவது பின்னாலிருந்து அட்டவணை போடுங்களேன். எனக்கு மூன்று நிமிடம் போதும்.