இடப்பக்கம் திரும்பினால் ஹாரன்

தையல் கடையை மூடிய கையோடு மாமியார் கார் ஓட்டப் பழகத் தொடங்கினார். இனி எங்கே போவதென்றாலும் தானேதான் போவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். கை நன்றாகத்தான் பழகியது. ஆனால் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அலறியது. முன்னால் போகிறவர்கள் திரும்பி முறைத்தார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார்.

"நான் அதைத் தொடவே இல்லடா," என்றார் மகனிடம்.

மகன் வண்டியை வாங்கி இரண்டு சுற்று ஓட்டினான். கார் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தது.

"பதட்டத்துல கை பட்டிருக்கும்மா. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. சாவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மருமகள் கார் எலக்ட்ரீஷியன்; சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தாள். வண்டி கொண்டுவருகிறவர்கள் சொல்வதை முதலில் நம்புவது, பிறகு ஒயரைத் தேடுவது என்பது அவள் வழக்கம். மாமியாருக்கு மட்டும் அது பொருந்தாமல் போகுமா?

மறுநாள் மாமியாரையும் காரையும் பட்டறைக்கு அழைத்துப் போனாள். கணவனும் தொற்றிக்கொண்டான். முதலில் தெருக்காரர்களின் காதைக் காப்பாற்ற ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையை ஹாரன் ஒயரிலும் மறுமுனையைக் காரின் இரும்பிலும் மாட்டினாள்.

"இந்த ஒயர் எங்கயாவது இரும்பைத் தொட்டா மீட்டர் கத்தும். ஹாரனும் அப்படித்தான் அடிக்குது."

அவளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சொன்னேனே," என்றான் கணவன்.

அவள் அசரவில்லை. கோளாறு ஒருத்தருக்கு மட்டும் வருகிறதென்றால் அந்த ஒருத்தர் எதையோ வேறு மாதிரி செய்கிறார், அவ்வளவுதான்.

"அத்தை, நீங்க வந்து உக்காருங்க. ஓட்டும்போது எப்படி உக்காருவீங்களோ, அப்படியே."

மாமியார் ஏறி இருக்கையை முன்னால் இழுத்தார். பிறகு குனிந்து ஒரு பிடியைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை மடிக்கு அருகில் இறக்கினார்.

"இவன் உயரத்துக்கு வச்சா எனக்கு ரோடே தெரியாதும்மா."

"இடப்பக்கம் திருப்புங்க."

மீட்டர் கீச்சென்று கத்தியது. நேராக்கியதும் நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி கத்தியது.

"அப்படியே பிடிச்சுக்கங்க," என்று டார்ச்சோடு அடியில் புகுந்தாள் மருமகள். ஸ்டியரிங்கை இறக்கினால் ஒயர்கள் தொய்ந்து விழுந்தன. இடப்பக்கம் திருப்பினால் சுழலும் தண்டு அவற்றை ஒரு தகட்டு விளிம்பில் அழுத்தியது. அந்த இடத்தில் ஹாரன் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு பல்லைக் காட்டியது.

கணவனையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு எழுந்தவன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"தப்புதாம்மா. எனக்கு இது தோணவே இல்ல."

"எனக்கும்தான் தோணல. ஆனா தொடலைன்னு எனக்குத் தெரியுமே."

ஒயருக்குப் புதுத் தோல் போட்டு, தண்டுக்கு எட்டாதபடி இழுத்துக் கட்டி, ஃபியூஸைத் திரும்பச் செருகினாள் மருமகள்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்புங்க அத்தை. இனிமே நீங்க அழுத்தினாத்தான் அடிக்கும்."

மாமியார் சாவியைத் திருகினார். பட்டறை வாசலில் இடப்பக்கம், அடுத்த முனையில் மறுபடி இடப்பக்கம் என்று வேண்டுமென்றே வளைத்து ஓட்டினார். மருமகள் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் மகன் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.