மூன்றாவது குறிக்கோள்

மும்பை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டிக்கு லேடீஸ் டப்பா என்று பெயர். எங்கள் லேடீஸ் டப்பா பயணிகள் சங்கத்தில் மொத்தமே மூன்று பேர். செயலாளர் பிரபாவதி, துணைச் செயலாளர் ராபியா, மிச்சப் பதவிகளெல்லாம் உமாவாகிய நான். கூட்டம் நடப்பது வடாலாவிலிருந்து வாஷி வரை, ஓடும் வண்டியில்.

இரண்டு வருடமாகப் பிரபாவதி போடாத மனு இல்லை. இப்போதுதான் ஐரோலியிலிருந்து ஒரு போக்குவரத்து அலுவலகம் பதில் போட்டது. வண்டிகள் நம்பகமாக ஓட மூன்று குறிக்கோள்களை ஹிந்தியில் எழுதி, மூன்று பேர் கையெழுத்துடன் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் தர வேண்டும். அந்தக் கடிதத்தை அவள் லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். புருஷன் போட்டோவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. முதல் குறிக்கோள், ஸ்டேஷன் போர்டில் வண்டி வர இரண்டு நிமிடம் என்றால் இரண்டே நிமிடம். அடுத்தது, தாமதத்துக்கு வருந்தும் அறிவிப்பு அம்மா, நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே வருந்த வேண்டும். செம்பூருக்குள் இரண்டும் முடிந்தன. மூன்றாவது, வண்டி காரணமில்லாமல் நடுவழியில் நிற்கக் கூடாது. அதில்தான் ராபியா முறுக்கிக்கொண்டாள்.

"நான் சைன் பண்ண மாட்டேன்க்கா. வாஷிப் பாலத்துக்கு முன்னால பத்து நிமிசம் நிக்கப்போயிதான் ராத்திரிக்குப் பீன்ஸ் நறுக்குதேன். நிக்காட்டி, ஆடுத வண்டியில எங்க வச்சு நறுக்க?"

"ஏட்டி, ஒன் பீன்ஸுக்காவ மும்பையே நிக்கணுமா?" என்று கத்தினேன்.

பிரபாவதி என்னை அடக்கினாள். "விடுட்டி உமா. பாலம் வரட்டும். வண்டி நிக்க நேரத்துல பேசிச் சம்மதிக்க வச்சிருதேன்."

பாலம் வந்தது. மாதக்கணக்கில் தவறாமல் நின்ற வண்டி, சனியன், அன்றைக்குப் பார்த்துப் பறந்தது. வாஷியில் இறங்கினால் ஆளுக்கொரு திசை. இரண்டு வருட உழைப்பு! எனக்கே அழுகை வந்துவிட்டது.

பிரபாவதி எழுந்துபோய் அபாயச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாள்.

பாலத்தின் மேல் வண்டி பதினோரு நிமிடம் நின்றது. ராபியா பீன்ஸை நறுக்கி முடித்து, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். "சரிக்கா, திங்கக்கெழமலருந்து நறுக்குத வேல இல்லாத ரசமே வச்சுக்கிடுதேன்."

வாஷியில் ரயில்வே போலீஸ்காரர் காத்திருந்தார். சங்கிலியை எதற்காக இழுத்தாய் என்று கேட்டார். பிரபாவதிக்குப் பொய் வராது. பெருமையோடு தாளை நீட்டினாள். காரணமில்லாமல் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்று அவர் சத்தமாக வாசித்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். பிறகு, வழக்குக்குச் சாட்சியம் என்று தாளை மடித்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

பிரபாவதி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இன்னும் பத்தாகவில்லை, வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீல் போட்டுக் கொடுங்கள் என்று அவரிடமே கேட்டாள்.